கே1க்கு எங்கே அனுப்புவது? எட்டுக் கைமாற்றங்களை எண்ணிப் பார்த்த பிறகு

நாங்கள் சிங்கப்பூரில் இருக்கிறோம். என் மகன் என்2, அதாவது நான்கு வயதுப் பாலர் வகுப்பில் இருந்தபோது, ஒரு புதன்கிழமை அவன் எத்தனை பேரிடம் கைமாறுகிறான் என்று ஒரு துண்டுச் சீட்டில் குறித்துப் பார்த்தேன். காலை ஏழரைக்கு என்னிடமிருந்து, எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் இருக்கும் பாலர் பள்ளி டீச்சரிடம். பதினொன்றரைக்கு டீச்சரிடமிருந்து தாத்தாவிடம். இரண்டு பேருந்து மாறிப் போய், எபிக் என்னும் ஆரம்பகாலப் பயிற்சி நிலையத்து டீச்சரிடம். நடுவில் அரை மணி நேரம் பேச்சுப் பயிற்சியாளரிடம், அது முடிந்ததும் மறுபடி டீச்சரிடம். திரும்பவும் தாத்தா. வீட்டுக்கு வந்ததும் பாட்டி. இரவு ஏழு மணிக்கு நான். மொத்தம் எட்டு.

அவனுக்கு ஆட்டிசம். ஓரிடத்தை விட்டு இன்னோரிடத்துக்குப் போவதும், ஒருவர் கையை விட்டு இன்னொருவர் கையைப் பிடிப்பதும் அவனுக்குச் சும்மா நடக்கிற காரியமில்லை. ஒவ்வொரு முறையும் முகம் இறுகும், கால் பின்வாங்கும், சட்டை நுனியைக் கடிப்பான். பிறகுதான் போவான். காரணமே இல்லாமல் சாயங்காலம் அழுகிறான் என்று மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தோம். அந்தச் சீட்டைப் பார்த்த பிறகு அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அடுத்த ஆண்டு வகுப்பான கே1க்கு எங்கே அனுப்புவது என்று நாங்கள் யோசித்தபோது, அந்தச் சீட்டுதான் தராசாக இருந்தது. பள்ளியின் பெயர், பாடத்திட்டம், சுவரில் மாட்டியிருக்கும் விருது எல்லாவற்றுக்கும் முன்னால் இரண்டு கேள்விகளைக் கேட்டோம். இங்கே சேர்த்தால் அவன் ஒரு நாளில் எத்தனை முறை கைமாறுவான்? கைமாறும் அந்த நேரத்தில் அவன் பக்கத்தில் யார் இருப்பார்கள்? இதே நிலையில் இருக்கும் பெற்றோருக்கு உதவட்டும் என்றுதான் நாங்கள் பார்த்த வழிகளை இங்கே எழுதுகிறேன்.

என்2 முடித்தால் கே1 என்பது மற்ற பிள்ளைகளுக்குப் பக்கத்து அறைக்குப் போவது மாதிரி. ஆனால் உள்ளே மாறுவது நிறைய. விதிப்படி என்2 வகுப்பில் 15 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர், கே1இல் 20 பேருக்கு, அதற்கடுத்த கே2இல் 25 பேருக்கு. வட்டமாக உட்கார்ந்து கேட்கும் நேரம் நீளும், எழுதும் வேலை கூடும், "நீயே எடுத்து வை" என்பது அதிகமாகும். நம் பிள்ளைக்குப் பெரியவர்களின் கை அதிகம் தேவைப்படும் நேரத்தில்தான் அந்தக் கைகள் குறைகின்றன.

யோசிக்க அவகாசமும் அதிகமில்லை. கல்வி அமைச்சின் பாலர் பள்ளிகளில் கே1 சேர்க்கைக்கான பதிவு வழக்கமாக அதற்கு முந்திய ஆண்டின் பிப்ரவரியில் நடக்கும். பிள்ளை என்2இல் காலெடுத்து வைத்து இரண்டாவது மாதமே அடுத்த ஆண்டைப் பற்றி முடிவெடுக்க வேண்டிவரும்.

எபிக் நிலையத்தில் மட்டும் தொடர்வது

இந்தப் பயணத்தை இப்போதுதான் தொடங்குகிறவர்களுக்கு ஒரு சிறு விளக்கம். வளர்ச்சித் தாமதமோ உடற்குறையோ உள்ள சிறு பிள்ளைகளுக்காகச் சமூக சேவை அமைப்புகள் நடத்தும் ஆரம்பகாலப் பயிற்சித் திட்டத்தைத்தான் எல்லாரும் எபிக் என்கிறோம். மேற்பார்வை பாலர் பருவ மேம்பாட்டு அமைப்புடையது. பெரும்பாலும் கேகே மகளிர், சிறார் மருத்துவமனையிலோ தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையிலோ இருக்கும் குழந்தை வளர்ச்சிப் பிரிவில் பரிசோதித்துப் பரிந்துரைப்பார்கள். பிள்ளையின் தேவையைப் பொறுத்து வாரத்துக்கு 5 முதல் 12 மணி நேரம் வரை பயிற்சி இருக்கும்.

பாலர் பள்ளியை நிறுத்திவிட்டு இங்கே மட்டும் அனுப்பினால் கைமாற்றம் கொஞ்சம் குறையும். சின்னக் குழு, பயிற்சி பெற்ற கைகள், பிள்ளை கீழே உட்கார்ந்து அழுதால் பதறாத மனிதர்கள். இன்னும் சாப்பாடு, கழிவறை, தன் தேவையைச் சொல்வது இந்த மூன்றுக்குமே முழு உதவி தேவைப்படும் பிள்ளைக்கு இதுதான் நல்ல வழி என்று நான் நினைக்கிறேன். "மற்ற பிள்ளைகளோடு பழகட்டும்" என்று 20 பேர் இருக்கும் அறையில் விட்டுவிடுவதால் பழக்கம் வந்துவிடாது. ஒரு மூலையில் காதைப் பொத்திக்கொண்டு நாளைக் கடத்தவும் பிள்ளைகள் கற்றுக்கொள்வார்கள்.

ஆனால் 12 மணி நேரமே கிடைத்தாலும் வாரத்தின் மற்ற நேரத்துக்கு வீட்டில் ஒருவர் வேண்டும். நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். தாத்தாவுக்கு முட்டி வலி. அதனால் இந்த வழி எங்களுக்கு ஒத்துவரவில்லை. இன்னொன்றும் உண்டு. என் மகன் மற்ற பிள்ளைகளைப் பார்த்துத்தான் தண்ணீர் போத்தல் மூடியைத் திருகித் திறக்கக் கற்றான். நிலையத்தில் மூன்று மாதம் கையைப் பிடித்துப் பழக்கியும் வராதது, பாலர் பள்ளியில் பக்கத்து நாற்காலிச் சிறுமி செய்வதைப் பார்த்து ஒரே வாரத்தில் வந்தது. அந்தச் சிறுமியை அவனிடமிருந்து பிரிக்க எனக்கு மனம் வரவில்லை.

இரண்டையும் சேர்த்து நடத்துவது

பாதி நாள் பாலர் பள்ளி, பாதி நாள் எபிக். நாங்கள் அப்போது செய்துகொண்டிருந்தது இதுதான். எனக்குத் தெரிந்த பல குடும்பங்களும் இப்படித்தான் ஓடுகின்றன. தாளில் பார்த்தால் இரண்டு உலகத்தின் நன்மையும் கிடைக்கிற மாதிரி இருக்கும். எட்டுக் கைமாற்றமும் இங்கேதான். பாலர் பள்ளியில் ஒரு விதமாகச் சொல்வார்கள், நிலையத்தில் இன்னொரு விதமாகச் சொல்வார்கள். இரண்டு இடத்து ஆசிரியர்களும் பேசிக்கொள்ளாவிட்டால், நடுவில் செய்தி சுமக்கும் வேலை தாத்தாவுக்கு வந்து சேரும்.

நிலையமும் பாலர் பள்ளியும் நடந்து போகும் தூரத்தில் இருந்து, இரண்டு இடத்திலும் ஒரே படஅட்டைகளைப் பயன்படுத்த ஒப்புக்கொண்டால், இது நல்ல வழிதான். நாங்கள் ஒரு சின்ன கோப்பு வைத்தோம். எங்கே எது புதிதாக வந்தாலும் அதில் ஒரு வரி எழுதச் சொன்னோம். "இன்று மணி அடித்ததும் தானாக எழுந்தான்." அவ்வளவு போதும். அந்த ஒரு வரியை எழுதிய டீச்சர்களுக்கு நான் இன்றும் கடன்பட்டிருக்கிறேன்.

உதவி பள்ளிக்குள்ளேயே வருவது

எபிக் பயிற்சியில் நல்ல முன்னேற்றம் கண்ட பிள்ளைகளுக்கு 2019 ஜூலை முதல் டிஎஸ்-பிளஸ் என்று ஒரு திட்டம் இருக்கிறது. பிள்ளை நிலையத்துக்குப் போக வேண்டியதில்லை. நிலையத்திலிருந்து ஆரம்பகாலப் பயிற்சி ஆசிரியர் பாலர் பள்ளிக்கே வந்து, வாரத்துக்கு 2 முதல் 4 மணி நேரம் வகுப்புக்குள்ளேயே பிள்ளையோடு வேலை செய்வார். பெற்றோர் கேட்டவுடன் கிடைத்துவிடாது. பிள்ளை தயார் என்று நிலையத்துக் குழு கருத வேண்டும். எங்களுக்கு அந்தப் பேச்சு என்2 ஆண்டின் நடுவில் வந்தது.

முதலில் எனக்குப் பயமாக இருந்தது. வாரம் ஒன்பது மணி நேரம் கிடைத்துக்கொண்டிருந்தது. அதை விட்டுவிட்டு நான்கு மணி நேரமா? கையில் இருப்பதை நாமே கொடுத்துவிடுகிறோமோ என்று இரண்டு இரவு தூங்கவில்லை. நிலையத்து ஆசிரியர் சொன்ன ஒரு விஷயம்தான் என்னை மாற்றியது. "இங்கே அவன் வரிசையில் நிற்கிறான், ஏனென்றால் இங்கே நான்கு பேர்தான் வரிசை. அங்கே இருபது பேர் வரிசையில் அவன் நிற்கும்போது நான் பக்கத்தில் இருந்தால், இங்கே பத்து முறை சொல்லிக்கொடுப்பதை அங்கே ஒரு முறை சொன்னால் போதும்." யோசித்துப் பார்த்தால் அது சரிதான். ஓரிடத்தில் கற்றதை இன்னோரிடத்துக்கு எடுத்துப் போவதுதான் இந்தப் பிள்ளைகளுக்குப் பெரிய சிரமம். கற்க வேண்டிய இடத்திலேயே கற்றால் அந்தச் சிரமம் பாதி குறையும்.

ஆனால் இந்த வழியின் பலம் முழுவதும் வகுப்பு டீச்சரைப் பொறுத்தது. நான்கு மணி நேரம் போக மற்ற நேரமெல்லாம் பிள்ளை அவர் கையில்தான். 2023இன் பிற்பாதியிலிருந்து ஒவ்வொரு பாலர் பள்ளியிலும் சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளைக் கவனிக்க ஓர் ஒருங்கிணைப்பாளர் இருக்க வேண்டும். அவர் யார் என்று நேராகக் கேளுங்கள். அவரும் ஒரு வகுப்பை நடத்துகிறாரா, வாரத்தில் எத்தனை மணி நேரம் அவரால் உங்கள் பிள்ளையின் வகுப்புக்கு வர முடியும், டீச்சர் விடுப்பில் போனால் யார் வருவார் என்று கேளுங்கள். ஒரு பாலர் பள்ளியில் நான் தொலைபேசியில் இதைக் கேட்டபோது, "பையன் இருபது நிமிடம் தனியாக உட்காருவானா? அப்படியென்றால் வந்து பாருங்கள்" என்றார்கள். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. உட்காரக் கற்றுக்கொள்ளத்தானே அவனை அனுப்புகிறோம். அந்தப் பள்ளியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டோம்.

மிதமான தேவையுள்ள 3 முதல் 6 வயதுப் பிள்ளைகளுக்குப் பாலர் பள்ளிப் படிப்பையும் இந்தப் பயிற்சியையும் ஒரே கூரையின் கீழ் கொடுக்கும் திட்டம் ஒன்று 2021இல் ஏழு பாலர் பள்ளிகளில் முன்னோட்டமாகத் தொடங்கியது. எங்கள் கைமாற்றக் கணக்கில் பார்த்தால் இதுவே ஆகச் சிறந்தது. ரெட்ஹில் அருகே, உடற்குறையுள்ளோருக்கான வளாகமான எனேபலிங் வில்லேஜில் ஆவா என்னும் சமூக சேவை அமைப்பு 2016இல் தொடங்கிய கிண்டில் கார்டனும் இதே நோக்கத்தில் வந்ததுதான். ஏறத்தாழ 30 விழுக்காட்டு இடங்களைச் சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கு ஒதுக்கி, எல்லாப் பிள்ளைகளையும் ஒன்றாக உட்கார வைத்த சிங்கப்பூரின் முதல் பாலர் பள்ளி அது. நாங்கள் இருப்பது வடக்கே உட்லண்ட்ஸில். காலையில் ரெட்ஹில் வரை போய்வருவது தாத்தாவால் முடியாது. நீங்கள் தெற்கிலோ நகரின் பக்கத்திலோ இருந்தால், முதல் அழைப்பு அங்கே போகட்டும். இடம் கிடைக்கக் காத்திருக்க வேண்டியிருக்கும், அதனால் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

கல்வி அமைச்சின் பாலர் பள்ளி

இதில்தான் எங்கள் வீட்டில் அதிகம் விவாதம் நடந்தது. கணவருக்கு இது மிகவும் பிடித்திருந்தது. காரணங்களும் வலுவானவை. 2014இல் ஐந்து பள்ளிகளோடு தொடங்கி இப்போது தீவு முழுக்க இருக்கின்றன. எல்லாவற்றிலும் தமிழ் உண்டு. தமிழ் வகுப்பு இல்லாத பாலர் பள்ளிகளில் நம் பிள்ளைகள் அந்த நேரத்தில் வேறு வேலை செய்துகொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். தொடக்கப்பள்ளி வளாகத்துக்குள் இருப்பதால், அந்தப் பள்ளியில் தொடக்கநிலை ஒன்றுக்கு 2ஏ என்னும் முன்னுரிமைக் கட்டத்திலேயே பதிவு செய்யலாம். பிள்ளைக்கு வளாகம் பழகியிருக்கும். பின்னால் வரும் பெரிய மாற்றம் சிறிதாகும்.

பெற்றோர் வந்து பார்க்கப் பள்ளியைத் திறந்துவிடும் நாளன்று மூவரும் போனோம். வகுப்பறை விசாலமாக, வெளிச்சமாக இருந்தது. மணல், தண்ணீர், மரக்கட்டைகள். மகன் நேராகத் தண்ணீரிடம் போய்விட்டான். பத்து நிமிடம் கழித்துத் தொடக்கப்பள்ளியின் இடைவேளை மணி அடித்தது. அவன் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கடியில் போய் உட்கார்ந்துவிட்டான். அங்கிருந்த டீச்சர் ஒருவர் அவனைத் தொடவில்லை, இழுக்கவில்லை. தானும் தரையில் உட்கார்ந்து, ஈரத் துணியால் ஒரு மரக்கட்டையைத் துடைத்துத் துடைத்து அவன் பக்கம் உருட்டிக்கொண்டே இருந்தார். நான்காவது கட்டைக்கு அவன் கையை நீட்டினான். அந்த டீச்சரைப் பார்த்து எனக்குக் கண் கலங்கியது. அன்று மாலையே பதிவு செய்துவிடலாம் என்று நானும் சொன்னேன்.

பிறகு சீட்டை எடுத்துக் கணக்குப் போட்டோம். வகுப்பு ஒரு நாளைக்கு நான்கு மணி நேரம். இரண்டு பேரும் வேலைக்குப் போவதால் மீதி நேரத்துக்கு அங்கேயே இருக்கும் முழுநாள் பராமரிப்பு வேண்டும். அது பெரும்பாலும் வேறு அறை, வேறு மனிதர்கள். பயிற்சி ஆசிரியர் வருவதையும் சேர்த்தால் மறுபடியும் ஆறு, ஏழு கைமாற்றம். அதைவிடப் பெரியது, ஜனவரியில் எல்லாமே ஒரே நாளில் புதிதாக மாறும். இடம், டீச்சர், சீருடை, நண்பர்கள், பயிற்சித் திட்டம் எல்லாம். ஒரே நேரத்தில் எல்லாத் தூணையும் உருவிவிட்டு வீடு நிற்கட்டும் என்று எதிர்பார்க்க முடியாது. என் மகனைவிட மாற்றத்தை எளிதாகத் தாங்கும் பிள்ளையாக இருந்தால், அல்லது வீட்டில் மதியம் ஒருவர் இருந்தால், நான் தயங்காமல் இதைத்தான் தேர்ந்தெடுத்திருப்பேன். பேச்சில் மட்டும் லேசான தாமதம் உள்ள பிள்ளைகளுக்கு இது மிகப் பொருத்தமான இடம்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. எபிக் கட்டணம் குடும்ப வருமானத்தை ஆட்களால் வகுத்துப் பார்த்து, அதற்கேற்ப மானியம் கழித்து வரும். பிள்ளையின் பெயரில் உள்ள சேமிப்பான பிள்ளை மேம்பாட்டுக் கணக்கிலிருந்தும் கட்டலாம். பெரிய பாலர் பள்ளி நடத்துநர்களின் முழுநாள் வகுப்புக்கான மாதக் கட்டணத்துக்கு, மானியத்துக்கும் ஜிஎஸ்டிக்கும் முன், 2025இல் 640 வெள்ளியும் 2026இல் 610 வெள்ளியும் உச்சவரம்பு. தனியார் பயிற்சியாளரை வைத்துக்கொள்வதுதான் கையைக் கடிக்கும். அதை ஒரு முழு வழியாக நாங்கள் எடுத்துக்கொள்ளவே இல்லை.

எங்கள் முடிவு: அதே பாலர் பள்ளியில் கே1, கூடவே டிஎஸ்-பிளஸ். வீடு, வாசல், காலணி அடுக்கு, பக்கத்து நாற்காலிச் சிறுமி எல்லாம் அப்படியே. மாறுவது அறையும் டீச்சரும் மட்டும்.

மாற்றத்துக்கு முன்பு செய்தது

நவம்பரிலேயே தொடங்கினோம். கே1 அறையின் கதவு, கழிவறை, புது டீச்சரின் முகம், பை மாட்டும் கொக்கி எல்லாவற்றையும் கைபேசியில் படமெடுத்து, ஒரு சின்னப் புத்தகமாக ஒட்டி, தினமும் இரவு சாப்பிட்ட பிறகு பாட்டி அவனுக்குப் புரட்டிக் காட்டினார். வாரம் இரண்டு நாள் பத்து நிமிடம் கே1 அறையில் போய் உட்கார டீச்சர் அனுமதித்தார். டிசம்பர் விடுமுறையில் தாத்தா அவனைத் தினமும் பள்ளி வாசல்வரை நடத்திக் கூட்டிப்போய்த் திரும்பினார். விடுமுறை முழுக்க வீட்டிலேயே இருந்தால் ஜனவரியில் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும் என்று எங்களுக்கு முந்திய ஆண்டே தெரிந்திருந்தது.

அப்புறம் ஓர் அட்டை. புது டீச்சருக்குத் தமிழ் தெரியாது. எங்கள் வீட்டில் தமிழ்தான். சொந்தக்காரர்கள் சிலர், "பேச்சே தாமதமாக வருகிற பிள்ளைக்கு இரண்டு மொழி எதற்கு, இங்கிலீஷ் மட்டும் பேசுங்கள்" என்றார்கள். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் இப்படிப்பட்ட பிள்ளைகளின் பேச்சு இன்னும் பின்தங்கும் என்பதற்கு ஆய்வுகளில் ஆதாரம் கிடைக்கவில்லை. எங்கள் பேச்சுப் பயிற்சியாளரும் வீட்டு மொழியை விடாதீர்கள் என்றுதான் சொன்னார். பாட்டியோடு பேசும் மொழியைப் பறித்துவிட்டால் அவனுக்கு இருக்கும் மிக நெருக்கமான மனிதர் ஒருவரைப் பறித்த மாதிரி ஆகும். அதை நான் செய்யமாட்டேன்.

ஆனால் அவன் சொல்வது டீச்சருக்குப் புரிய வேண்டும். என்2இல் ஒருநாள் கூச்சல் அதிகமானபோது அவன் "போதும், போதும், போதும்" என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறான். டீச்சர் அதை ஏதோ பாட்டு என்று நினைத்து, கைதட்டிக் கூடவே பாடியிருக்கிறார். நல்ல மனதோடுதான். அவனோ அரை மணி நேரம் அழுதிருக்கிறான். அதனால் ஒரு பக்க அட்டையில் அவன் சொல்லும் தமிழ்ச் சொற்கள் பதினொன்றை ஆங்கில எழுத்தில் எழுதி, பக்கத்தில் பொருளும், அப்போது என்ன செய்ய வேண்டும் என்றும் எழுதிக் கொடுத்தேன். "போதும்" முதல் வரியில். டீச்சர் அதைத் தன் மேசைக்கு மேலே ஒட்டினார். பயிற்சி ஆசிரியரும் ஒரு நகல் எடுத்துக்கொண்டார். முதல் வாரமே, மணி அடித்தபோது அவன் "போதும்" என்றதும் டீச்சர் அவனைப் புத்தக மூலைக்குக் கூட்டிப்போனதாக என் கோப்பில் ஒரு வரி வந்தது.

கே1 முடிவு தொடக்கநிலை ஒன்றையும் முடிவு செய்துவிடுமோ என்று பயப்படும் பெற்றோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். அது தனி முடிவு. 2019இல் தொடக்கநிலை ஒன்றில் சேர்ந்த பிள்ளைகளிலிருந்து, மிதமான, கடுமையான தேவையுள்ள பிள்ளைகளுக்கும் கட்டாயக் கல்விச் சட்டம் பொருந்துகிறது. பொதுப் பள்ளியா, சிறப்புக் கல்விப் பள்ளியா என்பதைக் கே2 ஆண்டில் புதிய மதிப்பீட்டைப் பார்த்து முடிவு செய்வார்கள். இன்னும் ஓராண்டு தேவைப்பட்டால் ஒத்திவைக்கக் கல்வி அமைச்சிடம் விண்ணப்பிக்கலாம். எபிக்கில் மட்டும் இருக்கும் பிள்ளைக்குப் பொதுப் பள்ளிக் கதவு மூடுவதில்லை, பாலர் பள்ளியில் இருக்கும் பிள்ளை சிறப்புக் கல்விப் பள்ளிக்குப் போனால் தோல்வியும் இல்லை.

இப்போது கே1இன் மூன்றாம் தவணை. புதன்கிழமைச் சீட்டில் நான்கு கைமாற்றங்கள்தான். மாலையில் அழுகை அடியோடு நின்றுவிடவில்லை. ஆனால் வாரத்தில் ஒரு நாள் இரண்டு நாள்தான். கே2 டீச்சருக்குக் கொடுக்கப் போன வாரம் அந்த அட்டையைத் திருத்தி எழுத உட்கார்ந்தேன். பதினொரு சொல் இருந்த இடத்தில் முப்பதுக்கு மேல் வந்துவிட்டது. முதல் வரியில் இருந்த "போதும்" என்பதற்குக் கீழே இன்னொன்றையும் சேர்த்தேன். போன மாதம் நான் அவசரப்படுத்தியபோது என் கையைப் பிடித்து நிறுத்தி, பாட்டியின் குரலிலேயே சொன்னான்: "கொஞ்சம் இரும்மா."